சரியான விருப்பம்

கஸ்தூரியார் வீதியில் பெயின்ற் கடைக்கு மேல்மாடி,
பின்னேரம் நாலரை வகுப்பு.
படிப்பிக்கிற பெடியனுக்கு என்னிலும் ஆறு வயது குறைவு.
கொழும்புக்கு அங்காலே போகாதவன்,
வாயைத் திறந்தால் மெல்பேர்னில் பிறந்தவன் மாதிரி.

‘இண்டைக்கு அழுத்தம்’ என்றான்.
பலகையில் எழுதினான்: ஐ லவ் மை ஹஸ்பண்ட்.
‘இது செத்துக் கிடக்குது அக்கா.
விசா ஒபிசர் கொட்டாவி விடுவார்.
நடுவில ஒரு டூ போடுங்கோ.’

டூ எண்டால் என்ன?
‘ஒண்டுமில்லை. கருத்தே கிடையாது.
நிலத்தில காலை ஒருக்கா உதைக்கிற மாதிரி.’

ஐ டூ லவ் மை ஹஸ்பண்ட்.
இல்லை என்று யாரோ சொன்ன பிறகு
மறுத்துச் சொல்லுகிற வசனம் போல இருந்தது.
ஆர் சொன்னது இல்லையெண்டு?
‘ஒபிசர்தான். வாயால சொல்லமாட்டார்.
போனில மூச்சு விடுறதில தெரியும்.’

பிறகு சோ. அதை இழுக்கவேணும்,
பருத்தித்துறை பஸ் கொண்டக்டர்
நெல்லியடியை இழுக்கிற அளவுக்கு.
பிறகு றியலி.
பிறகு லிற்றறலி:
எழுத்துக்கு எழுத்து உண்மை என்று அர்த்தமாம்,
பொய்க்குத்தான் கூடப் பாவிக்கிறார்களாம்.
‘சிரிச்சுச் சிரிச்சு லிற்றறலி செத்துப்போனன்’ என்பவன்
உயிரோடு நின்றுதான் சொல்லுவான்.
பின்வாங்கில் டன்சிகா கெக்கட்டம் விட்டாள்.
எங்கள் ஊரில் அந்தச் சொல் தெரியாமலே
செத்தவர்கள் கனபேர்.
நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

இரவு நித்திரை வரவில்லை.
எங்களிடம் இல்லாத அழுத்தமா?
சரியான வெயில். சரியான கள்ளன். சரியான பொய்.
பொய்க்கு முன்னால் கூடச்
சரியைக் கொண்டுபோய் நிறுத்துகிற சனம்.
வலு கெட்டிக்காரி என்போம்.
அந்தமாதிரிச் சாப்பாடு என்போம்,
எந்த மாதிரி என்று ஒருவரும் கேட்பதில்லை.
விருப்பத்துக்கு முன்னால் மட்டும்
ஒன்றையும் நிறுத்திப் பார்த்ததில்லை நான்.
விருப்பத்தையே வாயால் சொன்னதில்லை.
கஜீபனும்தான்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை லீவில் வந்தான்.
அலுவல்கள், ஆட்கள், பதிவுக் கந்தோர் போக
சேர்ந்திருந்தது பதினேழு நாள்.
இப்போது குளிர்க் களஞ்சியத்தில் இரவு வேலை.
அவனுக்கு விடிகிறபோது எனக்கு நடுச்சாமம்.
‘சாப்பிட்டனீரோ?’
ஓம்.
‘என்ன கறி?’
கணவாய்.
‘ம்ம்ம்.’
அந்த ம்-க்கு எத்தனை மாத்திரை என்று
எந்த வகுப்பில் கேட்பது?

நேர்முகம் புதன்கிழமை, போனில்.
மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு
அறைக்குள் வியர்த்துக்கொண்டு இருந்தேன்.
ஒரு பெண்குரல். கணவரைப் பற்றிச் சொல்லச் சொன்னது.
டூ, சோ, றியலி
மூன்றும் தொண்டையில் வரிசையாக நின்றன.
நான் சொன்னது வேறு:

வெங்காயம் அவருக்குப் பிடிக்காது.
தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைப்பார்.
கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து
ஒரே வாயில் தின்பார்,
சமைத்தவளுக்குத் தெரியக்கூடாது என்று.
இடது குதிக்கால் வெடிப்பு. அதனால்
செருப்பு ஒரு பக்கம்தான் தேயும்.
நித்திரையில் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பார்.
யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

அழுத்தம் ஒன்றுமில்லாத இங்கிலீஷ்.
இறந்தகாலம் இரண்டு இடத்தில் பிழைத்தது.
அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம்,
பிறகு சத்தமில்லை.
பிறகு, ஓகே.
இழுக்கவில்லை, உயர்த்தவில்லை, ஒரே ஒரு ஓகே.
அது நல்லதோ கூடாததோ
பெடியன் படிப்பிக்கவில்லை.

நடுச்சாமம் போன் அடித்தது.
பின்னால் பாரவண்டி ஒன்று
பின்னுக்கு எடுக்கிற கீக் கீக்.
‘என்னவாம்?’
தெரியாது.
‘பயந்தனீரோ?’
சரியான.

எதற்கு முன்னால் அந்தச் சரியான என்று
அவன் கேட்கவில்லை.
வண்டி நிற்கும்வரை
இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.